நைனாவுக்கு வண்டி பார்த்தோம்

எங்கள் நைனா மறைந்து ஓர் ஆண்டு நிறைகிறது. அவர் படத்துக்கு முன்னால் வந்து நின்ற உங்கள் ஒவ்வொருவர் கையிலும் இந்த மலரைக் கொடுக்கிறோம். மகளாக நான்தான் எழுத வேண்டும் என்று அம்மா சொன்னார். எழுதிப் பார்த்தால் பாதிக்கு மேல் காரைப் பற்றியே வந்திருந்தது. நினைவு மலரில் இது சரியா, பெரியவர்கள் தவறாக நினைப்பார்களா என்று அம்மாவிடம் கேட்டேன். "காரப் பத்தி இல்லன்னா இது யாரு வீட்டு மலருன்னு கேப்பாங்க" என்றார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். ஏதாவது விட்டுப் போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நைனா பாலசமுத்திரம் பக்கத்தில் பிறந்தவர். சொந்த நிலம் இல்லாத வீடு. கரும்பு வெட்டுக்கும் மாங்காய் பறிப்புக்கும் ஆள் ஏற்றிப் போகும் டிராக்டரில் தாய் தந்தையோடு போய் வளர்ந்தார். காலையில் போகும்போது டிராக்டரில் ஆட்கள் மட்டும் இருப்பார்கள். திரும்பும்போது லோடு இருக்கும், லோடின் மேல் ஆட்கள் இருப்பார்கள். மழை வந்தால் தார்ப்பாயை மாங்காய் மேல்தான் போடுவார்களாம். நைனா இதைக் கோபமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. நனைந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு லாரியில் கிளீனராகச் சேர்ந்தார். பிறகு டிரைவரானார். அம்மாவைத் திருமணம் செய்துகொண்டு சித்தூரில் குடியேறி, சொந்தமாக ஒரு லாரி வாங்கி, மாம்பழக் கூழ் எடுக்கும் ஃபேக்டரிகளுக்கு லோடு அடித்தார். அவர் லாரியில் லோடின் மேல் ஆள் ஏறக் கூடாது. பறிப்புக்கு வந்தவர்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் லாரியை எடுப்பார். தோட்டக்காரர்கள் அதற்காக அவரைக் கிண்டல் செய்ததும் உண்டு.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அவர் கார் வாங்கினார். தோட்டம், மண் ரோடு என்று அலைகிறவர், ஜீப் மாதிரி உயரமாக ஏதாவது வாங்குவார் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். சிவப்பு நிறத்தில், தரையோடு ஒட்டிக்கொண்டு, பந்தயத்துக்குப் போகிற மாதிரி உறுமுகிற ஒரு செடான் வாசலில் வந்து நின்றது. என் தாய்மாமா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, இது குடும்பத்துக்கு வாங்கனதா, ரேசுக்கு வாங்கனதா?" என்று கேட்டார்.

"இத்தினி வருசம் ஒசரத்துல குந்திகினு ஊருக்கு ஓட்டனேன். இனிமே தாழ குந்திகினு வீட்டுக்கு ஓட்டறேன்" என்றார் நைனா. பிறகு எங்களைப் பின்னால் கூட்டிப் போய் டிக்கியைத் திறந்து காட்டி, சத்தம் கேட்கும்படி மூடினார். "மனுசன் தனி, சாமான் தனி" என்றார். அவர் அந்தக் காரை வாங்கியது அதற்காகத்தான் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

அந்தக் காரில்தான் என்னைத் திருப்பதியில் கல்லூரிக்குக் கொண்டுபோய் விட்டார். ஹைவேயில் அவர் வேகம் எடுத்தால் அம்மா கோவிந்தா சொல்லத் தொடங்கிவிடுவார். ஆனால் பாலசமுத்திரம் போகும் வழியில் எங்கள் ஊர்த் திருப்பத்தில் இருக்கும் ஸ்பீட் பிரேக்கர் மட்டும் அந்தக் காரை ஜெயித்தது. ஆள் உட்கார்ந்திருந்தால் அடி தட்டும். அதனால் நைனா நிறுத்துவார், எல்லோரும் இறங்கிக் கடந்து போய் நிற்போம், காலியான காரைக் குழந்தையைக் கொண்டுவருவது மாதிரி கொண்டுவருவார், மறுபடி ஏறிக்கொள்வோம். இதைப் படிக்கும் உங்களில் பலர் அங்கே இறங்கி நடந்தவர்கள்தான். அத்தை மகள் கல்யாணத்தில் மணப்பெண்ணே மாலையோடு இறங்கி நடந்தாள். அவள் மாமியார் வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கார் பழையதானதும் அதே மாடலில் புதியது வாங்கலாம் என்று திருப்பதியில் ஒரு ஷோரூமில் சொல்லி வைத்திருந்தார். ஒருநாள் செல்போனை வீட்டில் மறந்துவிட்டுப் புத்தூர் போயிருந்தார். ஷோரூமிலிருந்து ஒரு பெண் அதில் கூப்பிட்டு, எடுத்த அம்மாவிடம் "ஆ காரு ஆகிப்போயிந்தம்மா" என்று சொன்னாள். அந்தக் கார் நின்றுபோய்விட்டது என்று பொருள். கம்பெனி அந்த மாடல் செய்வதை நிறுத்திவிட்டது என்று அவள் சொன்னதை, நைனா போன கார் வழியில் நின்றுவிட்டது என்று அம்மா எடுத்துக்கொண்டார். தெலுங்கில் இரண்டுக்கும் அதே வார்த்தைதானே. உடனே மாமாவை ஒரு மெக்கானிக்கோடும் இழுவைக் கயிறோடும் அனுப்பினார். மாமா வழியெல்லாம் தேடிக்கொண்டு போனால், புத்தூரில் கார் நன்றாக நிற்கிறது, நைனா டீ குடித்துக்கொண்டிருக்கிறார். தோளில் கயிறோடு ஓடி வந்தவரைப் பார்த்து, "இன்னாடா, கயிறு வண்டிக்கா, எனக்கா?" என்று கேட்டாராம்.

வீட்டுக்கு வந்து ஷோரூமுக்குப் போன் செய்தார். விஷயம் தெரிந்ததும் அம்மாவைப் பார்த்துச் சிரி சிரியென்று சிரித்தார். பிறகு வெளியே போய்க் காரைத் துடைக்க ஆரம்பித்தார். "அப்ப இதுவே ஓடட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அதுவே ஓடியும் இருக்கும். ஆனால் நைனா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. திருப்பதியில் ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு தாழ்வான இருக்கையில் அவரால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. ஒவ்வொரு முறையும் மாமாவும் என் கணவரும் சேர்ந்து தூக்கி வைத்து, தூக்கி எடுக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே இதயமும் பலவீனமாக இருந்தது. டாக்டர் வரச் சொன்ன நாளில் நைனா, "இன்னிக்கு வோணாம், அப்பறம் பாத்துக்கலாம்" என்று சொல்லத் தொடங்கினார். வலிக்குப் பயந்து அல்ல. வாசலில் நாலு பேர் பார்க்கத் தூக்கப்படுவதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. வேறு வண்டி பார்க்காவிட்டால் அவர் ஆஸ்பத்திரிக்கு வருவதே நின்றுவிடும் என்று எங்களுக்குப் பயம் வந்தது.

நான் திருப்பதியில் குடியிருந்தேன். என் கணவருக்கு ஸ்ரீசிட்டியில் ஷிஃப்ட் வேலை. ஓட்டப்போவது நான்தான், படித்தவளும் நான்தான் என்று வண்டியைத் தேர்வு செய்யும் பொறுப்பை என்னிடமே விட்டார்கள். என் மகனுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. பாதுகாப்பு, இருக்கையின் உயரம், குழந்தை இருக்கை பொருந்துமா என்று பார்த்துப் பார்த்து, இன்றைக்கு முடிவு செய்ததை மறுநாள் மாற்றினேன். உயரமான வண்டி வாங்கினால் நைனாவின் உடம்புக்கு நல்லது, மனசுக்கு ஆகாது. தாழ்வானதை வாங்கினால் தலைகீழ்.

வாடகைக் காரில் அவரைக் கூட்டிக்கொண்டு ரேணிகுண்டா ரோட்டு ஷோரூம்கள் எல்லாம் ஏறி இறங்கினேன். எங்கே பார்த்தாலும் உயரமான வண்டிகள்தான். நைனா எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான் கேட்டார்: சாமான் எங்கே வைப்பது? விற்பனையாளர் பெருமையாகப் பின்கதவைத் தூக்கிக் காட்டுவார். இருக்கைக்குப் பின்னாலேயே இடம், நடுவில் தடுப்பு இருக்காது. "அப்ப மனுசனும் சாமானும் ஒரே ரூமு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்.

கடைசியாகப் போன ஷோரூமில் வேறு கம்பெனியின் செடான் ஒன்று நின்றது. சிவப்புதான். அவர் முகம் மாறியதைப் பார்த்து, இதையே வாங்கிவிடலாம், இருக்கையில் கனமாக ஒரு மெத்தை போட்டுக்கொள்ளலாம் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். நைனா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் இறங்கி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார். கியரைத் தொட்டுப் பார்த்தார். நெடுநேரம் உள்ளேயே இருந்தார்.

எழும்போதுதான் முடியவில்லை. அரக்கோணத்துக்காரரான விற்பனையாளர் இன்னொருவரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் அக்குளிலும் முழங்காலுக்குக் கீழும் கை கொடுத்து, "அந்தப் பக்கம் புடி, மெல்ல, மெல்ல, எறக்கு" என்று அவரை வெளியே எடுத்தார்கள். நல்ல பிள்ளைகள், மரியாதையாகத்தான் செய்தார்கள். ஆனால் லாரியில் மூட்டை இறக்கும்போது சொல்கிற வார்த்தைகள் அவை. நைனா வாழ்நாள் முழுக்கக் கேட்டவை. நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் சந்திரகிரி தாண்டியதும் சொன்னார். "பாப்பா, சாமான் எங்க வேணா இருக்கட்டும். நானே ஏறணும், நானே எறங்கணும். அந்த மாதிரி ஒண்ணு பாரு."

அப்படித்தான் இந்த உயரமான வெள்ளை வண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. இருக்கை அவர் இடுப்புக்குச் சமமாக இருந்தது, சாய்ந்தாலே ஏறிவிடலாம். முதல் நாளே அம்மாவின் பழைய சேலையை மடித்து, பின் இருக்கைக்கும் சாமான் இடத்துக்கும் நடுவில் திரையாகக் கட்டச் சொன்னார். முதல் முறை ஊருக்குப் போனபோது, திருப்பத்தில் நான் வேகம் குறைத்ததுமே அம்மா பழக்கத்தில் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். "நீ ஏறும்மே, இது தாண்டும்" என்று நைனா சிரித்தார். கியர் மாற்ற வேண்டாத ஆட்டோமேட்டிக் வண்டி அது. ஆனாலும் மேட்டில் "செகண்டு போடு" என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் கை தானாகக் கியரைத் தேடும். சிவப்புக் காரைக் குப்பத்திலிருந்து வந்து ஒருவர் வாங்கிப் போன அன்று மட்டும் நைனா வெளியே வரவில்லை.

அதன் பிறகு டாக்டர் வரச் சொன்ன ஒரு நாளையும் அவர் தள்ளிப் போடவில்லை. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நிற்பார்.

இன்னும் நல்ல வண்டி ஒன்று இருந்திருக்குமோ, தாழ்வாகவும் இருந்து அவரால் ஏறவும் முடிகிற மாதிரி ஒன்றை நான் தேடாமல் விட்டேனோ என்று இன்றும் தோன்றுகிறது. மகனை இருக்கையில் வைத்துப் பட்டை மாட்டும்போதெல்லாம் தோன்றுகிறது. பதில் எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன காலையில், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நிலையிலும், நைனா தாமே கதவைத் திறந்தார். வாசல் காவலர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து கையை நீட்டினார். நைனா, வயதில் சிறியவர்களைக் கூப்பிடும் எங்கள் பக்கத்து வழக்கப்படி, "இரு நைனா, நானே வரேன்" என்றார். கோலை ஊன்றி, கீழே கால் வைத்து, நிமிர்ந்து நின்று, உள்ளே நடந்தார்.

ஆஸ்பத்திரியில் அவரைக் கவனித்த டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும், இறுதிச் சடங்கைத் தோளில் ஏற்று நடத்திய மாமாவுக்கும், பந்தல் முதல் பந்தி வரை பார்த்துக்கொண்ட பாலசமுத்திரத்து உறவுகளுக்கும், ஷிஃப்ட் மாற்றிக்கொடுத்த என் கணவரின் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தக் காவலரின் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். ஆனால் விலகிப் போகாமல், நைனா விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் கதவு வரை கூடவே நடந்தார். அவருக்கும் எங்கள் நன்றி.