வசந்தமலர் துவக்குப் பழகினாள்

வசந்தமலர் முதன்முதலில் துவக்கை, அதாவது துப்பாக்கியை, கையில் எடுத்தபோது அவளுக்கு முப்பத்துநான்கு வயது. பகலில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் கொலர் தைத்துக்கொண்டிருந்தாள். நியூசிலாந்தில், ஒக்லாந்து நகரின் லின்ஃபீல்ட் பகுதியில், அவளும் கணவனும் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார்கள். கையில் நல்ல ருசி, வாயில் குறைந்த பேச்சு. அவள் ஏன் துவக்குப் பழகினாள் என்று ஒக்லாந்துத் தமிழர் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். நடந்தது இதுதான்.

அவளுடைய கணவன் தியாகலிங்கம் முல்லைத்தீவுப் பக்கத்து ஆள். குழலுக்குள் மருந்தை இடித்துச் சுடும் இடியன் துவக்கோடு காடு சுற்றி வளர்ந்தவன். 1984 கடைசியில் இருவரும் இங்கே வந்தார்கள். வேலைக் கடிதம் கொடுத்து அவர்களை எடுப்பித்தவர் சோதிலிங்கம். அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறை ஒன்று அவருக்கு இருந்தது; தியாகலிங்கத்துக்கு அதிலேதான் வேலை. மவுண்ட் ரோஸ்கிலில் சொந்த வீடு, வரவேற்பறைச் சுவரில் கொம்போடு மூன்று மான் தலைகள். ஒவ்வொன்றையும் காட்டி, சுட்ட தூரத்தைக் கஜக் கணக்கில், "இது நானூறு யாரிலை, இது ஐந்நூறு" என்று சொல்லாமல் அவர் யாருக்கும் தேநீர் கொடுத்ததில்லை.

1985 ஏப்ரலில், கடாமான்கள் கத்தித் திரியும் பருவத்தில், அவர் தியாகலிங்கத்தைக் கைமனாவா மலைக்கு மான் வேட்டைக்குக் கூட்டிப் போனார். இரண்டாம் நாள் மாலை தியாகலிங்கம் மனுக்காப் புதருக்குள் குனிந்து ஓடையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். எதிர்ச் சரிவிலிருந்து வந்த குண்டு அவனுடைய வலது முழங்காலைச் சிதறடித்தது. சோதிலிங்கம் ஓடிவந்து இடுப்புப் பட்டியால் தொடையை இறுக்கிக் கட்டி, மூன்று மணி நேரம் முதுகில் சுமந்து வாகனப் பாதைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். உயிர் தப்பியது. ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

முகம் தெரியாத வேட்டைக்காரன் எவனோ சுட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று இருவரும் பொலிஸுக்குச் சொன்னார்கள். பொலிஸ் சில வாரம் விசாரித்துவிட்டுக் கோப்பை மூடியது.

ஓகஸ்ட் மாதம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் விழா எடுத்து, நண்பனைச் சுமந்து காத்தவர் என்று சோதிலிங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தியாகலிங்கம் ஊன்றுகோல்களை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்து கை தட்டினான். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. வசந்தமலர் சோற்றுக் கோப்பையை அவன் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

"என்ன, உடம்புக்கு ஏலாதோ?"

"சுட்டது சோதி அண்ணைதான்" என்றான் தியாகலிங்கம்.

அவள் நின்றபடியே கேட்டாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தூக்கிக்கொண்டு வரேக்கை அவரே அழுதழுது சொன்னவர். பழுப்பா ஏதோ அசைஞ்சது, மான் எண்டு நினைச்சன் தம்பி, பொலிஸிட்டைச் சொல்லிப்போடாதை, உங்கடை விசாவும் என்ரை கடிதத்திலைதான் நிக்குது எண்டவர்."

கெஞ்சலும் மிரட்டலும் ஒரே மூச்சில் வந்திருந்தன. "அழுததோடை நிண்டிருந்தால் நான் விட்டிருப்பன்" என்று அவள் பின்னாளில் என் மனைவியிடம் சொன்னாள். "பிறகு மேடையிலை கழுத்தை நீட்டிக்கொண்டு நிண்டாரே, அதைத்தான் விட ஏலாமப் போச்சு."

அன்று அவள் கணவனிடம் சொன்னது இவ்வளவுதான்: "நிரந்தர விசா வரட்டும். அதுவரைக்கும் ஒருத்தரிட்டையும் கதைக்காதேங்கோ."

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் துவக்கு அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பம் போட்டாள். வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதினாள். பொலிஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, விதிப்படி, கணவனைத் தனியே இருத்திக் கேட்டார்: உங்கள் மனைவி நிதானமானவரா? யார் மீதாவது பகை உண்டா?

தியாகலிங்கம் அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னான். "அவ ஒரு எறும்பையும் மிதிக்கமாட்டா, சேர்."

தியாகலிங்கத்தின் ரைஃபிள் மலையிலிருந்து வந்தது முதல் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஹெலன்ஸ்வில் பக்கத்துச் சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் நான் காரில் கூட்டிப் போவேன். தியாகலிங்கம் மடக்கு நாற்காலியில் இருந்து சொல்லிக்கொடுப்பான். எப்படிப் படுப்பது, மூச்சில் பாதியை விட்டுவிட்டு எப்படி நிறுத்துவது, விசையை இழுக்காமல் எப்படி மெல்ல அழுத்துவது. இருநூறு யாருக்கு நேர்ப்படுத்திய துவக்கு நானூறில் இரண்டடி கீழே அடிக்கும், புல் சாய்கிற பக்கத்தைப் பார்த்துக் காற்றுக்கு இடம் விடவேண்டும் என்பதெல்லாம் அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. அரை நூல் பிசகினாலும் கொலரைப் பிரித்துத் தைக்கிற கண்ணும் கையும் அவளுடையவை.

அவன் எப்போதும் திருப்பிச் சொன்னது ஒன்று: "முதல் தொலைநோக்கியாலை பார். இன்னதெண்டு நிச்சயம் தெரிஞ்ச பிறகுதான் துவக்கைத் தூக்கலாம். துவக்கிலை பூட்டின ஸ்கோப்பாலை தேடுறவன் மனுசரையும் குறிவைக்கிறான்."

ஒரு சனிக்கிழமை, திரும்பும் வழியில், அவள் காரின் பின்சீட்டில் இருந்து சொன்னாள்: "கொல்லலாம் எண்டும் யோசிச்சனான். செத்தவருக்கு வெக்கம் தெரியாது. அதுதான் விட்டிட்டன்." விசயம் எனக்கு அப்போது தெரியாது. ஏதோ சண்டை என்று நினைத்து வண்டியை ஓட்டினேன்.

சோதிலிங்கமும் அதே கழகத்தின் உறுப்பினர். அவளைக் கண்டு பெருமைப்பட்டார். "தங்கச்சி கெட்டிக்காரி" என்று வெள்ளைக்காரருக்கு அறிமுகம் செய்து, தானும் இரண்டொரு நுணுக்கம் காட்டினார். அவள் அவருக்கு வடை சுட்டுக் கொண்டுபோனாள். வடையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று அவரைக் கவனித்தாள். அவர் தொலைநோக்கி கொண்டுவருவதே இல்லை. ஸ்கோப்பில் ஏதும் அசைந்தால் விரல் உடனே விசைக்குப் போய்விடும். காத்திருப்பது அவருக்கு ஆகாது.

1987 ஜூலையில் நிரந்தர வதிவிட உரிமை கிடைத்தது. அன்று மாலை கேசரி கிண்டி எங்களுக்கும் கொண்டுவந்தாள். "இனித் தொடங்கலாம்" என்றாள். வீடு வாங்கப் போகிறார்களாக்கும் என்று நாங்கள் நினைத்தோம்.

டிசம்பரில் கழகத்தில் நானூறு யார்ப் போட்டி. காகித இலக்கு, பத்துக் குண்டு. அவள் சோதிலிங்கத்தை ஐந்து புள்ளியால் வென்றாள். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"படுத்துக் கிடந்து காகிதத்துக்குச் சுடுறது வேட்டையில்லைத் தங்கச்சி" என்றார்.

"ஓம் அண்ணை, அப்ப வேட்டை மாதிரியே ஒண்டு வைப்பம்" என்றாள்.

கழகத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற தபால்காரர், நேர்மையான மனிதர். அவரிடம் போய்த் திட்டத்தைச் சொன்னாள். பள்ளத்தாக்கில் ஐந்து இடம். சில இடத்தில் பலகை மான், சில இடத்தில் மான் அல்லாத ஏதாவது. போட்டியாளர் ஒவ்வொருவராக வரவேண்டும். மான் என்றால் சுடலாம், இல்லையென்றால் "சுடமாட்டேன்" என்று சொல்லவேண்டும். செயலாளருக்கு யோசனை பிடித்துவிட்டது. 1988 மார்ச்சில் நாள் குறித்தார்கள். இலக்குகளை வைக்கும் பொறுப்பு வசந்தமலருக்கு. அதனால் அவள் போட்டியில் இல்லை.

சோதிலிங்கம் வெற்றிக்கோப்பை தனக்கே என்ற நிச்சயத்தில் பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்களைப் பகல் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். அவருக்குப் பொன்னாடை போர்த்திய இரத்தினசிங்கமும் வந்திருந்தார். எல்லோரும் கயிற்றுக்குப் பின்னால் நின்று பார்த்தோம்.

ஐந்தாவது இடம் பள்ளத்தாக்குக்கு அப்பால், நானூறு யார். மனுக்காப் புதருக்குள் பழுப்பாக ஒரு வளைவு தெரிந்தது. காற்றில் அது கொஞ்சம் அசைந்தது. சோதிலிங்கத்துக்கு முன்னால் வந்த ஏழு பேரும் தொலைநோக்கியால் பார்த்துவிட்டு "சுடமாட்டேன்" என்றார்கள். சோதிலிங்கம் கடைசியாக வந்தார். முதல் நான்கு இடங்களிலும் அவருக்குப் பிழையில்லை. படுத்தார், ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். எனக்கு ஒரு மூச்சு விட நேரமில்லை, வெடி கேட்டது.

"விழுந்தது!" என்று எழுந்தார்.

வசந்தமலர் சரிவில் இறங்கி, ஏறி, அங்கே போனாள். போய்வர இருபது நிமிடம் ஆனது. யாரும் கலையவில்லை. அவள் திரும்பி வந்தபோது இரு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தது வைக்கோல் அடைத்த ஒரு பழுப்பு சுவெற்றர். மலையில் தியாகலிங்கம் போட்டிருந்த அதே சுவெற்றர். நெஞ்சில் ஓட்டை. அதைச் சோதிலிங்கத்தின் காலடியில் போட்டாள்.

"இது ரெண்டாம் தரம் அண்ணை" என்றாள்.

"வெளிச்சம் சரியில்லை. மான் மாதிரித்தான்..." என்று தொடங்கினார்.

"அண்டைக்கும் இதைத்தானே சொன்னீங்கள்?"

தியாகலிங்கம் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தான். எல்லோருக்கும் விளங்க ஆங்கிலத்தில் சொன்னான், பிறகு தமிழில் சொன்னான். ஓடை, குண்டு, சுமந்துகொண்டு வந்தபோது கேட்ட வார்த்தைகள், தான் சொன்ன பொய், எல்லாம். சோதிலிங்கம் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சிலர் நம்பியுமிருப்பார்கள். அவர் அந்தச் சுவெற்றரையே பார்த்துக்கொண்டு நின்றார். செயலாளர் அவருடைய துவக்கை வாங்கி, வெடியறையைத் திறந்து, இனிச் சுட முடியாதபடி போல்ட்டைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். யாரும் சாப்பிடவில்லை.

கணவனும் மனைவியும் மறுநாளே பொலிஸுக்குப் போனார்கள். பொய் வாக்குமூலத்துக்காகத் தியாகலிங்கத்தைக் கடுமையாக எச்சரித்தார்கள். சோதிலிங்கம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அனுமதிப்பத்திரம் போனது, துவக்குகள் போயின, இருநூறு மணி நேர சமூகப்பணி விதித்தார்கள். ஒரு பூங்காவில் அவர் குப்பை பொறுக்குவதைப் பார்க்க வசந்தமலர் இரண்டு முறை பஸ் எடுத்துப் போய்வந்தாள். அதை அவள் மறைக்கவுமில்லை.

அவருடைய மனைவி புஷ்பவதி ஒருநாள் வீட்டு வாசலுக்கு வந்தாள். "அவர் வெளியிலை போறேல்லை, ஆரோடையும் கதைக்கிறேல்லை. ஒருக்கா வந்து மன்னிச்சிட்டன் எண்டு சொல்லுமன்."

"உங்களிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை அக்கா. உள்ளை வாங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ. ஆனா அதை நான் சொல்லமாட்டன்."

புஷ்பவதி உள்ளே வரவில்லை.

பட்டறை வேலை போனதில் தியாகலிங்கத்துக்குச் சில மாதம் சிரமம்தான். பிறகு சான்ட்ரிங்ஹாமில் வானொலிப்பெட்டி திருத்தும் கடையில் நாற்காலியில் இருந்தபடியே செய்யும் வேலை கிடைத்தது. மறு ஆண்டு ஏப்ரலில் வசந்தமலர் மலைக்குப் போனாள். சரிவில் நின்ற ஒரு மானைத் தொலைநோக்கியால் அரை மணி நேரம் பார்த்திருந்து, நூறு யாருக்குக் கிட்டப் போய், ஒரே குண்டில் விழுத்தினாள். நானூறில் சுட முடியாதா என்று கேட்டேன்.

"ஏலும். ஏன் சுடவேணும்?" என்றாள்.

அந்த ஆண்டே சோதிலிங்கம் வீட்டை விற்றுவிட்டு பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டு நான் அவளிடம் சொன்னேன். மான் இறைச்சியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தினாள்.

"அங்கை தமிழ்ச் சங்கம் இருக்கோ?"

இருக்கும் என்றேன். அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கடிதத்தாள் எடுக்க உள்ளே போனாள்.