எறும்பு ஏறிய ஃபில்டர்

1. கேஸ் என்று சொன்னேன்

ஏர்கோன், அதாவது ஏசி பழுதுபார்க்கும் வேலையில் எனக்கு இருபத்தெட்டு வருடம் ஆகிறது. கடை சிரம்பான் லோபாக்கில். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கம்ப்ரசரைப் பற்றிக் கேட்பார்கள், குளிர வைக்கும் கேஸைப் பற்றிக் கேட்பார்கள். ஃபில்டரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கழற்ற ஸ்க்ரூ டிரைவர்கூடத் தேவையில்லாத சாமானுக்கு என்ன மரியாதை கிடைக்கும்? நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தத் திமிர் இறங்கியது.

புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனை எண்ணெய் ஆலை இருக்கிறது. அதன் மேனேஜர் மோகன் சார் போன் அடித்தார்.

“குணா, எங்க இருக்கீங்க? கன்ட்ரோல் ரூம் ஏர்கோன்ல காத்தே வரல. டிரைவ் எல்லாம் சூடாயி டிரிப் ஆவுது. மில்லு நின்னு போச்சு. வெளிய லோரிங்க வரிசையா நிக்குதுலா.”

டிரைவ் என்பது ஆலை மோட்டார்களின் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெட்டி. அதற்குக் குளிர் வேண்டும். அறை சூடானால் தானே அணைந்துவிடும். ஆலை நின்றால் லோரியில் இருக்கும் பழக்குலை வீணாகத் தொடங்கும். மேனேஜரின் ரத்த அழுத்தம் அதற்கு முன்பே ஏறிவிடும்.

போய்ச் சேர்ந்தபோது வெளியே செப்புக் குழாயில் வெள்ளையாகப் பனிக்கட்டி பிடித்திருந்தது. நான் வேனை விட்டு இறங்கும்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

“கேஸ் கொறஞ்சிருச்சு சார்.”

“ஃபில்டர பாத்துட்டீங்களா?”

சும்மா அவர் மனசு ஆற வேண்டுமே என்று உள்ளே போய், காற்று இழுக்கும் ஜன்னலைத் திறந்து போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தேன். முன்வலைக்குப் பின்னால் ஃபில்டர் பளிச்சென்று வெள்ளையாக, ஒவ்வொரு மடிப்பும் விறைப்பாக நின்றது.

“பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள மாதிரி இருக்கு சார். புதுசு மாத்திட்டீங்களா?”

“யாரும் மாத்தலயே,” என்றார். அந்தப் பதிலில்தான் விஷயமே இருந்தது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“போன வாரம் வரைக்கும் நல்லா ஓடுச்சு. யாரோ கை வெச்சிருக்காங்க. யாருன்னு தெரியட்டும், இன்னியோட வேலய விட்டுப் போக சொல்லிருவேன்,” என்று மோகன் சார் கத்தினார்.

“கண்டிப்பா சார். அந்த மாதிரி ஆள விட்டு வைக்கக் கூடாது,” என்றேன். வாடிக்கையாளர் கோபமாக இருக்கும்போது கூடச் சேர்ந்து கோபப்படுவது என் தொழில் தந்திரம். அன்றைக்கு அதைச் செய்திருக்க வேண்டாம்.

2. எறும்பு காட்டிய வழி

கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது சுவரில் எறும்பு வரிசையைப் பார்த்தேன். அந்த அறையில் பிஸ்கட் துண்டுகூடக் கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். அப்படியிருக்க, எறும்புகள் ஒழுங்காக வரிசை கட்டி ஃபில்டருக்குள் போய்க்கொண்டிருந்தன.

சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு ஃபில்டரை வெளியே இழுத்தேன். மடிப்புக்கு மடிப்பு எறும்பு. மூக்கருகில் கொண்டுபோனேன். சோறு வடித்த கஞ்சியின் வாசனை. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. வாயை வைத்து ஊதிப் பார்த்தேன். என் கன்னம்தான் உப்பியது. காற்று அந்தப் பக்கம் போகவில்லை.

தொழிலுக்கு வருகிறவர்கள் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கேஸ் குறைந்தாலும் குழாயில் பனி பிடிக்கும், காற்று அடைபட்டாலும் பனி பிடிக்கும். மீட்டரும் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் காட்டும். அதனால் சிலிண்டரைத் தொடும் முன் ஒரு டிஷ்யூ தாளைக் காற்று இழுக்கும் ஜன்னலில் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் காற்று ஓடுகிறது. கீழே விழுந்தால் கேஸ் பேச்சை எடுக்காதீர்கள். இது எனக்கு அன்றைக்கும் தெரியும். செய்யவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஃபில்டரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவனே நான்தான். எல்லா இடத்துத் தூசியும் ஒன்றல்ல. மந்தின் ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடை ஏர்கோனில் தூசியோடு எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து வரும், சட்டி கழுவும் சோப்புப் போட்டால்தான் போகும். ஆலையில் பாய்லர் கரியும் செம்பனை நாரும். முதலில் இருந்த நைலோன் வலை நாரைப் பிடித்தது, கரியை விட்டுவிட்டது. அதனால் அதற்குப் பின்னால் மடிப்பு ஃபில்டர் ஒன்றையும் வைத்தேன். வலையைக் கழுவலாம். மடிப்பு ஃபில்டரைக் கழுவக் கூடாது, அடைத்தால் தூக்கிப் போட வேண்டும். மோகன் சார் ஆஸ்பத்திரியில் போடும் ரகம் வேண்டும் என்றார். “அவ்ளோ நெருக்கமா போட்டா ஃபேனுக்கு இழுக்க சக்தி பத்தாது சார். மெஷினுக்குத் தக்கதான் போடணும்,” என்று அரைமணி நேரம் வகுப்பெடுத்தேன். இப்போது என் கையில் இருந்ததோ ஆஸ்பத்திரியையும் மிஞ்சிய ரகம்.

3. அஞ்சலை அக்கா

நான் ஃபில்டரைக் காட்டியதும் மோகன் சார் எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்டார். “ஃபில்டர தொட்டது யாரு?”

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அஞ்சலை அக்கா முன்னால் வந்தார். கன்ட்ரோல் ரூமைச் சுத்தம் செய்பவர், துப்புரவுக் குத்தகைக்காரரின் ஆள். வீடு ஆலைக்குப் பின்னால் உள்ள தொழிலாளர் லயத்தில். கணவர் படுக்கையில். பகல் ஓய்வில் ஓடிப்போய் அவருக்குச் சோறு ஊட்டிவிட்டு வருவார். மோகன் சார் வேண்டாம் என்று சொல்லி, குத்தகைக்காரர் அவரைச் சிரம்பானுக்கு மாற்றினால் அந்தச் சோறு நின்றுபோகும். அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“நான்தான் சார் கழுவுனேன். நெழல்ல காய வெச்சேன். மடிப்பெல்லாம் தொங்கிப் போச்சு. அப்படியே மாட்டுனா பாக்க அசிங்கமா இருக்காது? அதான் கஞ்சி போட்டு, ஒவ்வொரு மடிப்புக்கும் கிளிப்பு குத்தி வெயில்ல வெச்சேன். வெறப்பா நிக்கட்டும்னு ஒரு கரண்டி சீனியும் கலந்தேன். கோயில் வேட்டிக்கெல்லாம் நான்தான் சார் கஞ்சி போடுவேன்.”

ஆப்பரேட்டர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. மோகன் சார் சிரிக்கவில்லை.

“கழுவ சொன்னது யாரு?”

அக்கா சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “யாரும் சொல்லல சார். நானாதான் செஞ்சேன்.”

அவர் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். சாமி படத்துக்குக் கீழே ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘மாதம் ஒரு முறை ஃபில்டரைக் கழுவவும். நிழலில் காய வைக்கவும்.’ என் கையெழுத்து. வலை மட்டும் இருந்த காலத்தில் எழுதி ஒட்டியது. மடிப்பு ஃபில்டர் வைத்த அன்று அதை மாற்றி எழுத எனக்குத் தோன்றவே இல்லை.

மோகன் சார் தமிழ் நன்றாகப் பேசுவார், எழுதப் படிக்க வராது, போனது மலாய்ப் பள்ளிக்கு. ஆப்பரேட்டர்களும் அப்படித்தான். சாமி படத்துக்குக் கீழே இருந்ததால் அந்தத் தாளை ஏதோ மந்திரம் என்று மோகன் சார் நினைத்திருக்கிறார். அந்த அறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சொல்ல மாட்டார். இன்னொருவன் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

நின்றேன். மறைக்க மாட்டேன், நின்றேன். மோகன் சார் போனை எடுத்துக் குத்தகைக்காரர் பெயரைத் தேடும்வரை நின்றேன். அக்காவின் கை முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“சார், போன வைங்க. அந்தப் பேப்பர்ல என்னா இருக்குன்னு படிச்சுக் காட்டுறேன்.”

படித்தேன்.

“இத எழுதுனது யாரு?”

“நான்தான் சார்.”

“அந்த மாதிரி ஆள விட்டு வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே?”

“சொன்னேன் சார்.”

அவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். “மொதல்ல மில்ல ஓட விடுங்க. மத்தத பெறகு பாப்போம். அக்கா, நீங்க இங்கயே இருங்க. இவருக்கு ஒத்தாசை பண்ணுங்க.”

கம்ப்ரசரை நிறுத்தி, ஃபேனை மட்டும் ஓடவிட்டு உள்ளே இருந்த பனிக்கட்டியைக் கரைத்தேன். கதவைத் திறந்து இரண்டு பெரிய காற்றாடிகளை டிரைவ் பக்கம் திருப்பினேன். வேனில் இருந்த புது ஃபில்டரை மாட்டியதும் டிஷ்யூ தாள் சட்டென்று ஒட்டிக்கொண்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசியில் லோரிகள் நகரும் சத்தம் கேட்டது. ‘மத்தத பெறகு’ என்று சொன்ன மோகன் சார், பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

பனி கரைந்த தண்ணீர் அறை முழுக்க நின்றது. அக்கா துடைக்க, நான் பிழிந்தேன்.

“ஏங்கா என்னைக் காட்டிக் குடுக்கல?”

“ஒங்கள நிப்பாட்டிட்டா வேற ஆளுதான வருவான், அவன் தமிழ்ல எழுதி ஒட்டுவானா? இந்த மில்லுல சொவரு முழுக்க நோட்டீஸ் ஒட்டிருக்கு, மலாய்ல, இங்கிலீஷ்ல. எனக்குன்னு எழுதுன பேப்பர் அது ஒண்ணுதான் தம்பி.”

நான் துணியை இன்னும் இறுக்கிப் பிழிந்தேன்.

ஃபில்டர் தேர்ந்தெடுக்கும்போது மெஷினைப் பார்ப்போம், தூசியைப் பார்ப்போம். அதைக் கழற்றி மாட்டப்போகிற கை யாருடையது என்று நான் கேட்டதே இல்லை. இப்போது முதலில் அதைத்தான் கேட்கிறேன். நாம் பாதி சொல்லிவிட்டுப் போனால், மீதியை அவர்கள் தங்களுக்குத் தெரிந்த அக்கறையோடு செய்துவிடுவார்கள்.

அங்கேயே உட்கார்ந்து புதிய தாள் எழுதினேன். முன்னால் இருக்கும் வலையைக் கழுவவும். பின்னால் இருக்கும் மடிப்பு ஃபில்டரைக் கழுவ வேண்டாம். கறுத்துப்போனால் எனக்குச் சொல்லவும், புதிது மாட்டுவேன். அக்கா நின்றபடி எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு தாளை என்னிடமே நீட்டினார்.

“அடியில ஒங்க பேர எழுதுங்க தம்பி. அடுத்த தடவ சார் கேட்டா நான் பொய் சொல்ல வேண்டியதில்ல.”