கரும்பலகையில் வரைந்த தண்ணீர்

எழுபதுகளின் கடைசியில் திருச்சியில் ஆசிரியர் பயிற்சி படித்தேன். பரீட்சைக்காகப் பாடம் நடத்திக் காட்ட ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். தண்ணீருக்குத் தனி வடிவம் கிடையாது, ஊற்றும் பாத்திரத்தின் வடிவமே அதன் வடிவம் என்பதுதான் பாடம். டம்ளரும் பாட்டிலும் கொண்டுபோயிருந்தேன்.

“வீடு எங்கேம்மா?” என்றார் தலைமையாசிரியை.

“பொன்மலைங்க. அப்பா ரயில்வேல துப்புரவு வேலை பார்க்கிறாரு.”

அவர் முகம் மாறியது. “அப்போ வகுப்புல இருக்கிற பானையைத் தொட்டுடாதே. குழந்தைகள் குடிக்கிற தண்ணி.”

வேறு தண்ணீர் தேடுவதற்குள் மணி அடித்துவிட்டது. டம்ளர், பாட்டில், தண்ணீர் எல்லாவற்றையும் கரும்பலகையில் வரைந்தே பாடத்தை முடித்தேன்.

மதிப்பெண் போட வந்தவர் பானைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். “தண்ணி இங்கேயே இருக்கு. ஊத்திக் காட்டாம படம் போட்டா எப்படிம்மா?”

“தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க சார்.”

கூட வந்திருந்த தலைமையாசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மதிப்பெண் போட வந்தவர் பேனாவைத் திறந்தார். “அதையெல்லாம் நீங்கதாம்மா முன்னாடியே பார்த்து ஏற்பாடு பண்ணிக்கணும்.”

தோற்றுப்போனேன். ஒரு டம்ளர் தண்ணீருக்காக ஒரு வருடம் போயிற்று.

பிறகு ஆசிரியையாகி அதே பாடத்தை எத்தனையோ வகுப்புகளுக்கு நடத்திவிட்டேன், பானையிலிருந்து நானே மொண்டு ஊற்றி. ஆனாலும் டம்ளரை உள்ளே விடும் முன் என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. யாரிடம் அனுமதி கேட்கிறது அது, இன்னமும்?