மஞ்சள் நட்சத்திரம் தைக்க மாட்டேன்

குழந்தைகள் பனியன் சாம்பிள் அது. நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட துணி, இடது மார்பில் வைத்துத் தைக்க ஆறு முனை மஞ்சள் நட்சத்திரம். கட்டிங் மேசையிலிருந்து என் மெஷினுக்கு வந்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரைந்தவனுக்கு அது வெறும் டிசைன். எனக்கு அப்படியில்லை.

போன வருடம் எங்களிடம் துணி வாங்கும் வேறொரு பையருக்காகத் தரம் பார்க்க வந்த வெளிநாட்டுப் பெரியவர், எங்கள் சாம்பிள் ரூமில் நின்றபடியே தன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டார். தொண்ணூறு தாண்டிய யூதப் பெண்மணி. ஹிட்லரின் ஆட்கள் அவரைச் சிறுவயதில் முகாமில் அடைத்து, ராணுவத்துக்குக் கோட்டு தைக்க வைத்தார்களாம். அவர் வீட்டில் வேறு யாரும் பிழைக்கவில்லை. ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பெண் தமிழில் சொல்லச் சொல்ல, நாங்கள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டோம். தையல் முடிகிற இடத்தில் முன்னும் பின்னும் ஓட்டி இறுக்குவோமே, அதை அவர் வேண்டுமென்றே விட்டுவிடுவாராம். பார்வைக்கு நல்ல கோட்டு. பனியில் கொஞ்ச நாள் போட்டு இழுத்தால் கை தனியாகக் கழன்று வரும். பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கும்.

"எங்க கம்பெனில அது ரிஜெக்டுங்க," என்றேன்.

அதைக் கேட்டு அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். தன்னுடையதெல்லாம் பாஸாகிப் போர்முனைக்கே போனது என்றார். முகாமுக்கு முன்னால், யூதர் என்று அடையாளம் காட்டத் தைத்துக்கொள்ளச் சொன்ன மஞ்சள் நட்சத்திரம் இருந்த இடத்தையும் மார்பில் தொட்டுக் காட்டினார்.

இப்போது என் கையில் அதே நட்சத்திரம். பக்கத்து மெஷின் பெண்ணுக்கும் அது ஞாபகம் வந்துவிட்டது.

"அக்கா, நீங்களும் இறுக்காமத் தெச்சுக் குடுத்துருங்க. தன்னால ரிஜெக்ட் ஆயிரும்," என்று கிசுகிசுத்தாள்.

நல்ல யோசனைதான். ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த அம்மாவின் முதுகுக்குப் பின்னால் துப்பாக்கி நின்றது, அதனால் மறைவாகச் செய்தார். என் பின்னால் நிற்பது சூப்பர்வைசர். நான் எதற்கு ஒளிய வேண்டும்?

துணியை எடுத்துக்கொண்டு நேரே முதலாளி அறைக்குப் போனேன்.

"சார், இத நான் தெக்க மாட்டனுங்க."

"ஏனம்மிணி, என்னாச்சு?"

"கொல்றதுக்கு முன்னால சனங்க நெஞ்சுல வெச்ச அடையாளமுங்க இது. ஒரு கொழந்தைக்கு மாட்டறதுக்கு என்ற கையால தெக்க மாட்டனுங்க."

அவர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க தெக்கலீனா வேற ஆளு தெக்கும். உங்க வேலைதான் போகும், பாத்துக்கங்க."

"போகட்டுங்க சார். அந்த வேற ஆளு யாருன்னு மட்டும் சொல்லுங்க. அவங்ககிட்டயும் சொல்லிப்போட்டே போறனுங்க."