தூணுக்கு ஈரச் சாக்கு

போன செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணி. புனே சிஞ்ச்வட்டில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம் எழும்புகிறது. நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே... அங்கே யாராவது சாரத்தில் ஏறினால் இங்கே பால்கனியில் எனக்குக் கால் கூசும்.

அன்றைக்குத் தரையிலேயே ஒருவர் சுருண்டு விழுந்தார். முருகேசன், கள்ளக்குறிச்சிக்காரர். மனைவி செல்வியும் அதே சைட்டில்தான் ஜல்லி சுமக்கிறார். கீழே ஓடினேன்.

சூப்பர்வைசர் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். அவரும் தமிழர்தான்.

"நடிக்கிறான் அண்ணே. நம்மூரு வெயில்ல பொறந்தவன், புனே வெயிலுக்கா விழுவான்? தொட்டுப் பாருங்க, ஒரு சொட்டு வேர்வை இருக்கா? வேலை செஞ்சவனுக்கு வேர்க்காதா?"

தொட்டேன். காய்ந்த தோசைக்கல்!

நான் எட்டாவதோடு நின்றவன். ஆனாலும் உடம்பைப் பற்றி வருகிற வீடியோ ஒன்று விடாமல் பார்த்துப் பயப்படுவேன். இந்தச் சூட்டில் வேர்வை நின்றால் உடம்பு கைவிட்டுவிட்டது என்று எனக்கே தெரிகிறது. இன்ஜினியரிங் படித்த சூப்பர்வைசருக்குத் தெரியவில்லை. பாடத்தில் சிமென்ட் மட்டும்தான் வந்தது போலிருக்கிறது.

செல்வி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்துத் தூணில் சுற்றியிருந்த ஈரச் சாக்கை உருவிப் புருஷன்மேல் போர்த்தினார்.

புதுக் கான்கிரீட் வெயிலில் காய்ந்தால் விரிசல் விடுமாம். அதனால் தூணுக்குச் சாக்கு கட்டி, வேளாவேளைக்குத் தண்ணீர் அடிப்பார்கள். அதற்கென்றே ஒரு ஆள், ஒரு பைப். தூண் சில்லென்று நிற்கும். அதைத் தூக்கி நிறுத்தியவர்?

இப்போதுதான் சூப்பர்வைசர் பதறினார். அப்பாடா, மனிதர் பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"ஏம்மா, அதை ஏன் அவுத்த? தூணு வெடிச்சா கம்பெனி சாஹேப் என்னைத்தானே கேப்பாரு!"

"வெடிச்சா இன்னொண்ணு ஊத்திக்கோங்க" என்ற செல்வி என் பக்கம் திரும்பினார். "அண்ணே, அந்த பைப்பை இவரு மேல புடிங்க."

பிடித்தேன். பாதித் தண்ணீர் சூப்பர்வைசர் ஷூவில். அப்படியே நனைய நனைய ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மூன்றாம் நாள்தான் முருகேசன் கண் திறந்து மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

கம்பெனி சும்மா இருக்குமா? உடனே பாதுகாப்பு ஏற்பாடு செய்துவிட்டது. நேற்றுப் பார்த்தேன் — எல்லாத் தூண்களிலும் சாக்கைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள்.

இனி எந்தப் பெண்சாதியாலும் அவிழ்க்க முடியாது!