நாங்கள் ‘ஆமாங்க’ சொல்லாத தேர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். முருகன் கோவில் காரியம். நானோ எட்டாவதோடு நின்ற மில் தொழிலாளி. ஆனாலும் எழுதுகிறேன்.

பெருந்துறைப் பக்கம் எங்கள் ஊர். தேர் இழுக்கும் முன் கோவில் வரலாற்றை வாசிப்பார்கள். அந்தக் காலத்தில் ஊரை ஆண்ட பாளையக்காரர் தன் அரண்மனைப் புலவரைக் கொண்டு எழுதவைத்தது அது. பத்திக்குப் பத்தி கூட்டம் “ஆமாங்க” என்று சொல்ல வேண்டும். அதுவும் அவர் வைத்த வழக்கம்தான். பஞ்சத்தில் தெற்குத் தெருவார் ஊரை விட்டு ஓடினார்கள், பாளையக்காரரே குளம் வெட்டினார் என்று ஒரு பத்தி. ஓடினவர்களின் வாரிசு என்று எங்கள் தெற்குத் தெருவுக்குத் தேர்வடம் பிடிக்கும் உரிமை கிடையாது. அந்தப் பத்திக்கும் நாங்களே “ஆமாங்க” சொல்லி வந்தோம்.

தொண்ணூறுகளில் கும்பாபிஷேக வேலைக்காகக் அந்தக் குளத்துச் சுவரைச் சுரண்டினார்கள். சுண்ணாம்புக்கு அடியில் கல்லில் எழுத்து தெரிந்தது. தமிழ் வாத்தியார் படித்துச் சொன்னார்: பஞ்சத்தில் தெற்குத் தெருவார் கூலி வாங்காமல் வெட்டிய குளம். மறுநாளே அதன்மேல் சுண்ணாம்பு பூசிவிட்டார்கள்.

அந்த வருடத் தேரன்று அந்தப் பத்தி வந்தது. எல்லோரும் “ஆமாங்க” என்றார்கள்.

“இல்லீங்க” என்றேன்.

வாசித்தவர் நிமிர்ந்தார். “ஏனுங்க, காத்தாலயே ஊத்திப்போட்டு வந்துட்டீங்களா?”

கூட்டம் சிரித்தது.

“விரதமுங்க. பச்சத் தண்ணி பல்லுல படலீங்க. எங்காளுங்க ஓடலீன்னு குளத்துக் கல்லு சொல்லுதுங்க.”

“அப்ப ராசா எழுதுனது பொய்யுங்களா?”

“பொய்யுங்க. முருகன் முன்னால இனி அதுக்குத் தலையாட்ட மாட்டனுங்க.”

பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது: “நானும் இல்லீங்க!” பிறகு எங்கள் தெருவே “இல்லீங்க” என்றது.

வாளுக்குப் பயந்தவன், வாள் போனதும் நிமிர்ந்துவிடுவான். தன் வாயாலேயே ஆமாம் சொல்லிப் பழகியவன், அதைப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுக்கிறான். பாளையக்காரருக்கு அது தெரிந்திருக்கிறது.

அன்றும் வடம் தரவில்லை. தேருக்குப் பின்னால்தான் நடந்தோம். ஆனால் அந்தப் பத்திக்கு எங்கள் தெரு மறுபடி வாய் திறக்கவில்லை.

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். கேட்க நன்றாக இருக்கும் என்று, அன்றே வடம் பிடித்தோம் என்று சேர்த்துவிடாதீர்கள். பிடிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.