வாயாடி வாய் மூடிய மத்தியானம்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதத்து நாள். பல்லாவரத்தில் ஒரு பல் டாக்டரிடம் கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கிக்கொண்டு, பம்மலுக்கு ஷேர் ஆட்டோவில் தனியாக வந்து சேர்ந்தேன்.

வீட்டு முன்னறையிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள் நான். அளவு கொடுக்க ஐந்து நிமிடம், என்னோடு பேச அரை மணி நேரம் என்று கணக்குப் பண்ணித்தான் வருவார்கள். அன்று டாக்டரையும் விடவில்லை. “பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. பாதி சொல்லாவது மிஞ்சுமா டாக்டர்?” என்றேன். சிரித்துவிட்டு, வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறேனா என்று கேட்டார். பல்வலி மாத்திரையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, இல்லை என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில், பல் பிடுங்கிய இடத்தில் கடித்திருந்த பஞ்சைச் சொன்ன நேரத்துக்கு எடுத்தால் வாய் முழுக்க ரத்தம். புதுப் பஞ்சு வைத்தேன். அதுவும் நனைந்தது. துப்பக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் ரத்தத்தை எப்படி விழுங்குவது? துப்பினேன். துப்பத் துப்ப ஊறியது. மணி மூன்று ஆவதற்குள், அவர்கள் கொடுத்தனுப்பிய பஞ்சும் தீர்ந்துவிட்டது. கணவர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறார். வேலை முடியும்வரை போன் கையில் இருக்காது. டாக்டருக்குப் போட்டேன். நான் கொழகொழவென்று சொன்னது புரியாமல், ராங் நம்பர் என்று வைத்துவிட்டார்கள். இங்கே மயங்கி விழுந்தால் யாருக்குத் தெரியும் என்ற நினைப்பு ஒன்றுதான்.

அப்போது தெருமுனையில் மீன் விற்கும் அம்மா, பிரித்துத் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க வந்தார். கை இறுக்கம் என்று போன வாரம்தான் சண்டை போட்டுவிட்டுப் போனவர். நான் வாய் திறக்காமல் நின்றது அவருக்கு வேறு மாதிரி பட்டது.

“இன்னாக்கா, கை டைட்டுன்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கு இம்மாங்கோவமா? மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு கீற.”

சாக்பீஸை எடுத்து, மேஜையில் கிடந்த துணியில் ‘ரத்தம் நிக்கல’ என்று எழுதிக் காட்டினேன்.

“எய்திக் காட்டுனா? நான் இன்னா கலெக்டரா? வாயத் தொறந்து சொல்லு.”

திறந்தேன். அவர் முகம் மாறிவிட்டது. என்னை உட்கார வைத்துச் சுற்றிலும் பார்த்தார். மிஷின்மேல் கிடந்த மாத்திரை அட்டையைத் தூக்கினார்.

“இத்த நீயா முழுங்குற?”

தலையாட்டினேன். நெஞ்சு அடைப்புக்காக ஒரு வருடமாகச் சாப்பிடுகிறேன்.

“எங்கூட்டுக்காரருக்கும் இதான். ரத்தம் ஒறையாம இருக்கக் குடுக்குறாங்க. சவரம் பண்ணச்சொல்ல கீறுனாலே லேசுல நிக்காது. பல்லு புடுங்குனவராண்ட சொன்னியா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“ஊர்க் கதையெல்லாம் பேசுற வாயி, இத்த மட்டும் பேசலியா?”

எழுத்துத் தெரியாதவர் அந்த அட்டையை நிறத்தை வைத்தே கண்டுபிடித்தார். என் போனிலிருந்தே டாக்டரிடம் பேசினார். உடனே கூட்டிவாருங்கள், சுத்தமான துணியை மடித்து இறுக்கிக் கடிக்கட்டும் என்றாராம். புது லைனிங் துணியைக் கிழித்து வாயில் வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தார். வழியில் துப்புவதற்கு நான் வெளியே தலையை நீட்டும்போதெல்லாம் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். “முழுங்கு. உன் ரத்தந்தான.”

டாக்டர் மருந்து வைத்துத் தையல் போட்டார். கொஞ்ச நேரத்தில் நின்றது. “கேட்டேனேம்மா” என்று மட்டும்தான் சொன்னார். பயந்துபோய் அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றும் எச்சரித்தார். வெளியே பெஞ்சில் மீன்கார அம்மா உட்கார்ந்திருந்தார். மீன் கூடையை யாரிடம் விட்டு வந்தாரோ, வாயில் பஞ்சோடு என்னால் கேட்க முடியவில்லை.

இப்போது எந்த டாக்டரிடம் போனாலும், உட்காரும் முன்பே மாத்திரை அட்டையை எடுத்து நீட்டிவிடுகிறேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று நான் பிழைத்தது, என்னோடு சண்டை போட்டுப் போனவரின் வாயால்.